காட்டு ராஜாவைப் பெத்தவ

ஆமா தாயி, நான்தான். அந்தப் போன்ல நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு இருக்காளே ஒருத்தி, அது நான்தான். ராஜபாளையத்துல நீ ஏறுனதுல இருந்து பாத்துக்கிட்டுதான் வாரேன். ஒருவாட்டி போனைப் பாக்க, ஒருவாட்டி என் மொகத்தைப் பாக்க. கேட்டா என்ன, கடிச்சா தின்னுருவேன்? சத்தத்தை மட்டும் அமத்து. நான் அழுத சத்தத்தை நானே கேக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?

நல்லா அழுதிருக்கேனா? எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ. எங்க தெரு பலசரக்குக் கடைக்காரன் சொல்லுதான், "யக்கா, சினிமாக்காரியெல்லாம் உங்ககிட்ட தோத்தா போங்க"ன்னு. சவத்து மூதி. நடிச்சு அழுதா அப்படியா மூக்குல ஒழுகும்? அது நெசம்டா, நெசமா அழுதேன்டான்னு சொன்னா, அதுக்கும் சிரிக்கான். அதுலதான் எனக்கு ஆத்திரம். வீடியோவுல வந்தது ஆத்திரமில்ல, பாத்துக்க. அழுதது நெசம்னு ஒருத்தரும் நம்ப மாட்டேங்காவ.

கோயம்புத்தூரு போய்ச் சேர சாயங்காலம் ஆயிரும். நீயும் அங்கதான? அப்பம் கேளு. முழுசாக் கேளு. அரைகுறையாக் கேட்டுட்டுத்தான் ஊரே பேசுது.

என் மவன் பேரு இசக்கிராஜா. நான் வச்ச பேரு அது. அவன் வச்சுக்கிட்ட பேருதான் காட்டு ராஜா. உனக்குத் தெரிஞ்சிருக்குமே. கையில ஒரு கத்தி, தலையில ஒரு துண்டு, "மக்களே, இப்ப நான் நடுக்காட்டுல தன்னந்தனியா இருக்கேன்"னு ஆரம்பிப்பானே, அவன். தண்ணி இல்லாட்டி எந்தக் கொடியை வெட்டிக் குடிக்கணும், கரடி வந்தா என்ன செய்யணும், மழையில தீ எப்படி மூட்டணும், எல்லாம் சொல்லுவான். தன்னந்தனியா இருக்கவனுக்கு யாரு கேமரா பிடிக்கான்னு ஒரு பய யோசிக்கல. அதை யோசிக்காத சனம் இன்னைக்கு என் அழுகையை மட்டும் பூதக்கண்ணாடி வச்சுப் பாக்குது.

கேமரா பிடிச்சது செல்வின். இவன் கூடப் படிச்சவன். ரெண்டு பேரும் திருநவேலியில ஒரு போன் கடையில வேலை பாத்தாவ. கடையை மூடிட்டான், ரெண்டும் வீட்டுல வந்து கெடந்துச்சு. அப்ப ஆரம்பிச்சதுதான் இது.

காடா? காட்டுக்கு எங்க போனான்! எங்கண்ணனுக்கு மலையடிவாரத்துல எலுமிச்சைத் தோட்டம் இருக்கு. பின்னால மலை நிக்கும். தோட்டத்துக்குக் கடைசியில கொஞ்சம் புதரு, ஒரு ஓடை. கேமராவை நிமித்தி வச்சா காடு. ஒரு சாண் கீழ எறக்குனா பம்புசெட்டு. மத்தியானம் ஆச்சுன்னா நான் தூக்குச்சட்டியில சோறு கொண்டு போவேன். "பட்டினி கெடந்து மூணாவது நாள் மக்களே"ன்னு பேசி முடிச்சுட்டு வந்து உக்காந்து, மீன்கொழம்பை ஊத்தித் திம்பான். நான் ஓரமா உக்காந்து, அவன் பேசுனதுல எது நல்லா இருந்துச்சு, எது நல்லா இல்லைன்னு சொல்லுவேன். "எய்யா, பட்டினின்னு சொல்லும்போது ஏப்பம் விட்டுட்ட, திரும்ப எடு"ன்னு நான்தான் சொல்லுவேன். செல்வினுக்கு அதெல்லாம் காதுல விழாது.

புழு தின்ன வீடியோ பாத்தியா? பட்ட மரத்தைப் பிளந்து, வெள்ளையா, தடியா ஒரு புழுவை எடுத்து வாயில போடுவானே? அந்தப் புழு நான் பண்ணது. சிரிக்காத, நெசமாத்தான். பச்சரிசி மாவை வெந்நி ஊத்திப் பிசைஞ்சு, விரல் மொத்தத்துக்கு உருட்டி, ஈர்க்குச்சியை வச்சு வரி வரியா அமுக்கி, தலைக்கு ஒரு மிளகு. உள்ள கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும். அது எதுக்குங்கியா? கடிச்சா பிச்சுன்னு தெறிக்கணும்லா! தெறிச்சது. வாய் ஓரத்துல வழிஞ்சது. பாத்தவன்லாம் வாந்தி எடுத்தான். லட்சக்கணக்கான பேரு பாத்தாவ, என் கொழுக்கட்டையை. என் கைப்பக்குவத்துக்கு எம்புருசன் உயிரோட இருந்தவரைக்கும் ஒரு நாளு நல்ல பேரு சொன்னவரு இல்ல.

இதுல யாருக்கு என்ன நட்டம், நீயே சொல்லு. கூத்துல ராஜா வேசம் கட்டுனவனை எந்த நாட்டுக்கு ராஜான்னு எவனாவது கேக்கானா? இவன் காட்டாளு வேசம் கட்டுனான். அம்புட்டுத்தான.

ஆனா ஒண்ணு சொல்லுதேன். அவனுக்குப் பயம் ஜாஸ்தி. சின்னப் பிள்ளையில இருந்தே அப்படித்தான். இன்னைக்கும் பொழுது அடைஞ்சா கொல்லைக்குப் போறதுக்கு நான் டார்ச் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். பல்லி விழுந்தா வீட்டை விட்டு வெளிய ஓடுவான். ஒருவாட்டி ஓடையில அட்டை ஏறிருச்சுன்னு அவன் போட்ட கூப்பாட்டுல எங்கண்ணன் மம்பட்டியைத் தூக்கிட்டு ஓடி வந்தாரு, கொலை விழுந்துருச்சோன்னு. இது எனக்குத் தெரியும், செல்வினுக்குத் தெரியும். பெத்த வயித்துக்குத் தெரிஞ்சதை நான் எதுக்கு ஊருக்குச் சொல்லப் போறேன்? பின்னால சொல்ல வேண்டி வந்துச்சு. அதைத்தான் நீ போன்ல பாத்துக்கிட்டு இருந்த.

எல்லாத்துக்கும் மூலகாரணம் ஒருத்தி. திருநவேலிக்காரி. அவளும் இதே மாதிரி வீடியோ போடுதவதான். வேலை வெட்டி இல்லாம, கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுக்கிட்டு இவன் வீடியோவை ஒண்ணொண்ணா உக்காந்து பாத்திருக்கா. "நடுக்காட்டுல சொட்டுநீர்க் குழாய் எப்படி வந்துச்சு?"ன்னு ஒண்ணு. இன்னொண்ணுல, இவன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, "மக்களே, ஒரே நிசப்தம்"ங்கான், பின்னால அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ரேடியோ செட்டுல வரி குடுத்தவங்க பேரு வாசிக்கான். எங்கண்ணன் பேரும் வருது. அதை மட்டும் வெட்டி எடுத்து அவ போட்டா. அம்புட்டுத்தான், நாடே சிரிச்சுது. புழுவுலயும் ஒருத்தன் மிளகைக் கண்டுபிடிச்சுட்டான்.

எம்மவன் படுத்தவன்தான். சுவரைப் பாத்துப் படுத்துக்கிட்டான். குளிக்கல, திங்கல. போன்ல அவனைத் திட்டி வந்ததைப் பூரா வாசிச்சுக்கிட்டே கெடந்தான். என்னையும் சேத்துத்தான் திட்டியிருக்கான் எவனோ, "இவனைப் பெத்தவ நெசமா பெத்தாளா, இல்ல அதுவும் செட்டப்பா"ன்னு. எடுபட்ட பய. நான் அவன் பக்கத்துல உக்காந்து முதுகைத் தடவிக் குடுத்தேன். "எய்யா, போனாப் போவுது, வேற எதாவது வேசம் கட்டு. சமையல் வீடியோ போடு, நான் பண்ணித் தாரேன்"னேன். திரும்பிக்கூடப் பாக்கல.

ஒரு நாள் காலையில காப்பி கொண்டு போறேன், பாயில ஆளு இல்ல. போன் அடிச்சா அமத்திக் கெடக்கு. செல்வின் மூச்சு வாங்க ஓடி வந்தான். "யம்மா, இதைப் பாருங்க"ன்னு போனை நீட்டுனான். எம்மவன் பேசுதான். தாடி, கலங்கின கண்ணு. "இவ்வளவு நாளும் பொய் சொன்னேன் மக்களே. இந்தத் தடவை நெசமாப் போறேன். கேமரா இல்ல, கத்தி இல்ல, சாப்பாடு இல்ல. வந்தா நான் நெசமான காட்டு ராஜா. வரலைன்னா... யம்மா, என்னை மன்னிச்சிரு." அவ்வளவுதான்.

தாயி, அன்னைக்கு நல்ல ஐப்பசி மழை. மேகம் மலைமேல படுத்துக் கெடக்கு. இவன் அங்க போனா? ஒரு பல்லிக்கு ஓடுத பய? செல்வின் வண்டியில ஏறி மலையடிவாரத்துக்குப் போனோம். சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம், ஒரு புளிய மரத்தடியில அவன் பைக் நிக்கி. சீட்டுல அவன் தலைத்துண்டு கெடக்கு, நனைஞ்சு. அதை எடுத்து மோந்து பாத்தேன். நான் அங்கயே உக்காந்துட்டேன்.

அங்க இருந்து ஃபாரஸ்ட் ஆபீஸுக்கு ஓடுனேன். எந்த ஆபீஸுன்னு சொல்ல மாட்டேன், விடு. அங்க ஒரு ஆபீஸரு. செல்வின் வீடியோவைக் காட்டுனான். அந்த மனுசன் பாத்துட்டு என்ன சொன்னாரு தெரியுமா? சிரிச்சாரு.

"ஏம்மா, இது அடுத்த எபிசோடா?"

"ஐயா, எம்பிள்ள மலை ஏறிட்டான்யா."

"உங்க பிள்ள மலை ஏறலம்மா. எதாவது லாட்ஜுல இருப்பான். இந்தா நிக்கானே இவன் கூட்டாளி, இவன்கிட்ட கேளுங்க, ரூம் நம்பரோட சொல்லுவான்."

அப்பத்தான் நான் சொன்னேன். எதைச் சொல்லக் கூடாதுன்னு இவ்வளவு நாளும் பொத்தி வச்சேனோ, அத்தனையும் சொன்னேன். ஐயா, அவன் செஞ்சது பூரா பொய்தான்யா. அந்தப் புழு நான் பண்ணது. அவனுக்கு ஒண்ணும் தெரியாதுய்யா, தீப்பெட்டியைக்கூட உரசத் தெரியாது, ரெண்டு குச்சியை ஒடிச்சுட்டு மூணாவதுக்கு என்னைக் கூப்பிடுவான். அட்டைக்கு அழுவான். இருட்டுக்கு அழுவான். இந்நேரம் எந்தப் பாறைக்கு அடியில உக்காந்து அம்மான்னு கூப்பிடுதானோ. நீ பாத்தியே, அதுதான் அது. அந்தத் தூணைப் பிடிச்சுக்கிட்டு நெஞ்சுல அடிச்சது, கீழ விழுந்து பொரண்டது, எல்லாம் அங்க நடந்ததுதான். சுத்தி நின்னவன்லாம் சிரிச்சான். எம்மவன் மானத்தை நானே அத்தனை பேரு முன்னால அவுத்துப் போட்டேன், அவன் உசுரைக் காப்பாத்த. ஆபீஸரு மசியல. வாசல்ல எறங்கி, ரெண்டு கையாலயும் மண்ணை அள்ளித் தூத்துனேன் அந்த ஆளு திசையைப் பாத்து. "உம்பிள்ளைக்கு ஒண்ணுன்னா நீயும் இப்படி நிப்படா"ன்னேன்.

அந்த மனுசன் சொன்னது கடைசியில சரியாப் போச்சுதான். அதுக்காக? சரியான சொல்லைச் சொல்லுததுக்கும் ஒரு மொறை இருக்குல்லா? பெத்தவகிட்டயா சிரிச்சுக்கிட்டுச் சொல்லுதது? அந்த மண்ணை நான் திருப்பி அள்ள மாட்டேன்.

அங்க ஒரே ஒரு ஆளுதான் சிரிக்கல. வாட்சர். காட்டுக்குள்ள காவலுக்குப் போறவரு. வீரணன்னு பேரு. ஜீப்புக்குப் பக்கத்துல குத்த வச்சு உக்காந்திருந்தாரு. எந்திரிச்சு வந்து ஆபீஸருகிட்ட சொன்னாரு, "சார், அந்தம்மா அழுகையில கள்ளம் இல்ல. எங்கண்ணனை ஆத்து வெள்ளம் கொண்டு போனப்ப எங்கம்மா இப்படித்தான் அழுதா. பையன் எப்படியும் இருந்துட்டுப் போறான். இந்தம்மா சொல்லுதது நெசம். நான் ஒரு எட்டு ஏறிப் பாத்துட்டு வாரேன்." என்கிட்ட வந்து, "மதினி, அழாதீக. எந்தச் சட்டை போட்டிருந்தான் பையன்?"னாரு. செவப்புச் சட்டைன்னேன். துணி காயப்போடுத கொடியில அது மட்டும் காணல, அதை வச்சுச் சொன்னேன்.

ரெண்டு பேரைச் சேத்துக்கிட்டு ஏறுனாரு. விசில் ஊதிக்கிட்டே போனாவ. கேக்கும், ரொம்ப நேரம் கேக்கும், பொறவு மழைச் சத்தத்துல கரைஞ்சு போவும். அன்னைக்கு ஒண்ணும் கெடைக்கல. இருட்டுறதுக்கு முன்னால எறங்கி வந்தாவ, ஒடம்பெல்லாம் அட்டை. மறுநாளு திரும்ப ஏறுனாவ. நான் அடிவாரத்துலயே கெடந்தேன். செல்வின் டீ வாங்கித் தருவான், போனைத் தூக்கிக்கிட்டு அங்கயும் இங்கயும் நடப்பான். ஆளுகளுக்குப் போன் போட்டு உதவி கேக்கான்னு நெனச்சேன். நல்ல பையன், கூடப் பொறந்தவன் மாதிரி அலையுதான்னு நெனச்சேன். அவன் என்னைப் படம் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கான்.

மத்தியானத்துக்கு மேல மேல இருந்து ஆளுக வாராவ. போர்வையில தொட்டில் கட்டி, ரெண்டு பக்கமும் கம்பு குடுத்துத் தூக்கிட்டு வாராவ. உள்ள ஒரு ஆளு. கை தொங்குது. நான் ஓடுனேன். எப்படி ஓடுனேன்னு தெரியாது, செருப்பு எங்கயோ போச்சு. "எய்யா, எய்யா"ன்னு கத்திக்கிட்டே போயி, போர்வையை விலக்கிப் பாக்கேன். வீரணன்.

அருவிக்கு மேல ஒரு வழுக்குப் பாறை. அதுக்கு அந்தப் பக்கம் செவப்பா ஏதோ தெரிஞ்சிருக்கு. பையன் சட்டைன்னு நெனச்சு எட்டு வச்சிருக்காரு. அது எவனோ சாமிக்குக் கட்டிட்டுப் போன துணியாம். சறுக்கி விழுந்து தொடை எலும்பு முறிஞ்சிருச்சு. மொகம் சாம்பலா இருந்துச்சு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்பாடா"ன்னேன். எம்மவன் இல்லைன்னு தெரிஞ்சதும் வாயில வந்துருச்சு. எந்தத் தாயா இருந்தாலும் வரும். சத்தமா வந்துருச்சு, அதுதான். பக்கத்துல ஒரு பொம்பள நின்னா, தலையில சாக்கைப் போட்டுக்கிட்டு. என்னை ஒரு பார்வை பாத்துட்டு, தொட்டிலுக்குப் பின்னால ஓடுனா. அவதான் வீரணன் பொண்டாட்டி, மூக்கம்மான்னு பொறவுதான் தெரியும்.

அன்னைக்குச் சாயங்காலம். டீக்கடை பெஞ்சுல நான் உக்காந்திருக்கேன். செல்வின் உள்ள வடை வாங்கப் போயிருக்கான், போனைப் பெஞ்சுல வச்சுட்டு. அது அடிக்கி. பாக்கேன், எம்மவன் படம் வருது. கத்தியோட, துண்டோட, காட்டு ராஜா.

எடுத்துக் காதுல வச்சேன். "மாப்ள, நேத்து அம்மா அழுததுதான்டா இப்ப ஊரெல்லாம் ஓடுது. இன்னைக்குப் புதுசா எதாவது எடுத்தியா? அந்தத் தொட்டில் வந்தப்ப ஓடுனாளாமே, அது இருக்கா? அதை அனுப்பு மொதல்ல"ங்கான். பின்னால டிவி சத்தம் கேக்குது.

என் வாயில இருந்து என்ன வந்துச்சு சொல்லு. திட்டா வந்துச்சு? சாபமா வந்துச்சு? "எய்யா, சாப்பிட்டியா?"ன்னுதான் வந்துச்சு. பாழாப்போன வாய். பட்டுன்னு போனை வச்சுட்டான்.

செல்வின் சட்டையைப் பிடிச்சு ரெண்டு குடுத்ததுல எல்லாத்தையும் கக்கிட்டான். குத்தாலத்துல ஒரு லாட்ஜு. அவனையே வண்டி ஓட்டச் சொல்லிப் போனேன். கதவைத் தட்டுனா, லுங்கியோட வந்து தெறக்கான் எம்மவன். கட்டில்ல பரோட்டாப் பொட்டலம். தரையில பேப்பரை விரிச்சு, அந்தச் செவப்புச் சட்டையைப் போட்டு, பிளேடால கிழிச்சு, சேத்தைத் தேச்சுக்கிட்டு இருந்திருக்கான். மறுநாளு காட்டுல இருந்து எறங்கி வரணும்லா.

அறைஞ்சேன். ரெண்டு கன்னத்துலயும் அறைஞ்சேன். வாங்கிக்கிட்டான். அது வரைக்கும் எனக்கு வந்தது ஒரு கோவம். பொறவு கேட்டேன், "ஏம்லே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்னைக்காவது உன் ரகசியத்தை வெளிய விட்டிருக்கேனா? சொல்லியிருந்தா நீ கேட்ட மாதிரியே அழுதிருப்பேனே. உனக்கு மூணு வேளையும் சோறு குடுத்து விட்டிருப்பேனே. கண்ட பரோட்டாவைத் தின்னுருக்க வேண்டாமே."

அவன் சொல்லுதான், "சொல்லியிருந்தா நீ அப்படி அழுதிருக்க மாட்டம்மா. உனக்கு நடிக்க வராது."

எனக்கா? எனக்கா நடிக்க வராது? புழு பண்ணுனது யாரு? ஏப்பத்தை வெட்டச் சொன்னது யாரு? அண்ணன் தோட்டத்துக்கு ஆளுக வந்தா, "எம்மவன் மலைக்குள்ள போயிருக்கான், வர நாளாகும்"னு கண்ணு இமைக்காமச் சொன்னவ நான். இத்தனை நாளும் கூட நின்னவளை ஒரு நிமிசத்துல வேடிக்கை பாக்க வந்தவளா ஆக்கிட்டான். அதுதான் எனக்குப் பொறுக்கல. அந்த நேரம் வந்ததுதான் நெசக் கோவம். இன்னும் எறங்கல.

வீரணன் விழுந்ததைச் சொன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "நான் யாரையும் ஏறச் சொல்லலையேம்மா"ன்னான். செல்வினும், "ஆமாம்மா, நாங்க யாரையும் ஏறச் சொல்லல"ன்னான். ஏறச் சொன்னவ நான்தான்னு ரெண்டு பேரும் என்னைப் பாக்காம சொல்லுதானுவ! நான் எறங்கி வந்துட்டேன். பஸ் பிடிச்சு வீட்டுக்கு வந்துட்டேன்.

மறுநாளு எறங்கி வந்தான், கிழிஞ்ச சட்டையோட. மாலை போட்டாவ. ரெண்டு நாளு கழிச்சு அந்தப் பரோட்டா கடைக்காரன் எடுத்த போட்டோ வெளிய வந்துச்சு, இவன் வரிசையில நிக்கான் பொட்டலம் வாங்க. போச்சுன்னு நெனச்சேன். எங்க போச்சு? திட்டுறதுக்குப் பாதிப் பேரு பாக்கான், "என் தலைவன்"னு பாதிப் பேரு பாக்கான். பாக்குறது பாக்குறதுதானாம். கோயம்புத்தூருப் பக்கம் எவனோ மலையடிவாரத்துல எடம் வச்சிருக்கான், இவனைக் கூப்பிட்டு வச்சுக்கிட்டான். கம்ப்யூட்டர் வேலை பாக்குற பிள்ளைகளுக்குக் காட்டுல எப்படிப் பொழைக்கதுன்னு சொல்லிக் குடுக்கானாம். தீப்பெட்டி உரசத் தெரியாதவன்.

நான் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். போகாம இருக்க முடியுமா? வீரணன் காலைத் தூக்கிக் கட்டி, கல்லைத் தொங்க விட்டிருக்கு. என்னைப் பாத்ததும் எந்திரிக்கப் பாத்தாரு, முடியல. மொத வார்த்தை என்ன தெரியுமா?

"மதினி, பையன் சொகமா?"

மனுசனுக்குத் தெரியலைன்னு எனக்கு அப்பத்தான் தெரியும். நான் என்ன செய்ய, சொல்லு. "சொகம் எய்யா. நீங்க ஊதுன விசில் அவனுக்குக் கேட்டுச்சாம். அந்தச் சத்தம் வந்த தெசையைப் பிடிச்சுத்தான் எறங்கி வந்தானாம்"னேன். எங்க இருந்து வந்துச்சோ தெரியாது, வந்துருச்சு. அந்த மனுசன் மொகத்தை நீ பாத்திருக்கணும். பக்கத்துக் கட்டில்காரனை எழுப்பி, "கேட்டேரா, என் விசிலு"ங்காரு. பூரிச்சுப் போயிட்டாரு. மழைக்குள்ள விசில் எப்படிக் கேக்கும்னு அவருக்கே தெரியும். ஆனா நம்பிட்டாரு. நம்பணும்னு இருந்தாரு.

மூக்கம்மா என்னை வெளிய கூட்டிட்டு வந்தா. படிக்கட்டுப் பக்கம் நிப்பாட்டுனா. "உங்க மவன் லாட்ஜுல இருந்தது எனக்குத் தெரியும். இங்க போன் வச்சிருக்கவன் எல்லாருக்கும் தெரியும். அவருகிட்ட காட்டிராதீகன்னு ஒவ்வொருத்தனையும் கும்புட்டுச் சொல்லி வச்சிருக்கேன். இனி மலை ஏற முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாவ. காலு போனதுக்கு ஒரு காரணமாவது வேணும்லா அந்த மனுசனுக்கு? அதான், பாறை இடுக்குல கெடந்த பையனை மத்தவுக எடுத்தாவன்னு நான் சொல்லி வச்சிருக்கேன். நீங்க வந்து விசில்ங்கிய. ரெண்டும் ஒட்டணும்ல?"

நாங்க ரெண்டு பேரும் அந்தப் படிக்கட்டுல உக்காந்து ஒட்ட வச்சோம் தாயி. பாறை இடுக்குல கெடந்தான், விசில் கேட்டுச்சு, பதிலுக்குக் கத்துனான், அதைக் கேட்டு மத்தவுக வந்தாவன்னு முடிச்சோம். முடிச்சுட்டு அவ எந்திரிச்சா. "அன்னைக்கு நீங்க அப்பாடான்னு சொன்னது என் காதுலயே கெடக்கு. அதை எடுத்துப் போட எனக்கு முடியல. உங்க மவனை ஒருவாட்டி வந்து அவரு முன்னால நிக்கச் சொல்லுங்க. நல்லாத்தான நடிப்பான். நின்னுட்டுப் போவட்டும்." திரும்பிப் பாக்காம உள்ள போயிட்டா.

நேத்து எம்மவனுக்குப் போன் போட்டேன். சண்டை போடல. ஒவ்வொண்ணாச் சொன்னேன். தாடியை எடுக்காத. அந்தக் கிழிஞ்ச சட்டை இருக்கா, அதைப் போட வேண்டாம், கொண்டு வா, சாட்சிக்கு இருக்கட்டும். போனதும் கால்ல விழு. விசிலுன்னு சொல்லும்போது உன் குரல் கொஞ்சம் அடைக்கணும். பாறை இடுக்குல எப்படிக் கெடந்தன்னு கேப்பாரு, முழங்காலை மடக்கிக் காட்டு. ரொம்பப் பேசாத, அவரு அந்தக் காட்டுலயே கெடந்தவரு. அழு. உனக்கு வராட்டி என்னை நெனச்சு அழு. இவ்வளவு நாளும் ஊருக்கு நடிச்ச, இது ஒரு ஆளுக்கு. ஒழுங்கா நடி.

அவன் குறுக்க பேசாமக் கேட்டுக்கிட்டே இருந்தான். சரி, பிள்ளைக்கு உறைச்சிருச்சு, அழுதான் போலன்னு எனக்கும் கண்ணு கலங்கிருச்சு.

பொறவு மெல்லக் கேக்கான்: "யம்மா, செல்வினைக் கேமராவோட வரச் சொல்லட்டுமா?"

போனை வச்சுட்டேன். கேமரா இல்லாம அவனைக் கையோட கூட்டிட்டு வர, விடிஞ்சதும் பஸ் ஏறிட்டேன்.